முன்சக்கரத்துக்கு மேலே ஒரு சாட்சி

சாரல் கட்டிவிட்டால் தென்காசிப் பக்கம் இரண்டு கூட்டம் வரும். ஒன்று, வேன் பிடித்துப் புளியோதரையும் துண்டுமாகக் குற்றால அருவிக்கு வருகிற கூட்டம். அது காலங்காலமாக வருவது. இன்னொன்று சமீப ஆண்டுகளில் கண்ணில் படுகிறது. பொழுது விடிவதற்குள் ஹெல்மெட், ஒட்டிப்பிடித்த ஜெர்சி, ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பார் வைத்த ஒல்லிச் சக்கர சைக்கிள் என்று இலஞ்சி வழியாகச் செங்கோட்டையைப் பார்த்து மிதித்துக்கொண்டு போவார்கள். மதுரை, நெல்லைக்காரர்கள் உண்டு. மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் வந்த பிறகு, கம்ப்யூட்டர் வேலையை இந்த மலையடிவாரத்திலேயே பார்த்துக்கொண்டு சைக்கிளோடு தங்கிவிட்டவர்களும் உண்டு. பிரானூர் பார்டரில் டீக்கு நிறுத்தினால், "அண்ணாச்சி, முன்னால மாட்டியிருக்கது டார்ச்சா, கேமராவா?" என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள்.

கேமராதான். ரோடு பைக் வாங்குகிறவர்கள் ஹெல்மெட், லைட்டுக்கு அடுத்தபடியாக இப்போது விசாரிப்பது, முன்னால் மாட்ட ஒரு சின்ன வீடியோ கேமரா. எதை வாங்குவது என்ற கேள்விக்கு ரீல்ஸ் பார்த்துப் பதில் தேடுகிறவர்கள்தான் அதிகம். ரீல்ஸில் ஐந்தருவி அழகாகக் கொட்டும், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி தலையாட்டும், எல்லாக் கேமராவும் நல்ல கேமராவாகவே தெரியும். நான் சொல்வது வேறு. குற்றாலத்துச் சாலையில் ஓட்டுகிறவர் அருவிக்காகக் கேமரா வாங்க வேண்டாம், லாரிக்காக வாங்கட்டும். லாரியை ஒழுங்காகப் பிடிக்கிற கேமராவில் அருவியும் தானாக நன்றாக விழும். அருவியை மட்டும் அழகாகக் காட்டுகிற கேமராவில் லாரியின் நம்பர் விழாது.

ஏன் லாரி என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். திருமங்கலத்தில் தொடங்கி ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று கொல்லம் வரை போகிறது தேசிய நெடுஞ்சாலை 744. தென் மாவட்டங்களிலிருந்து எம்-சாண்டும் ஜல்லியும் கேரளாவுக்கு ஏறுகிற முக்கிய வழிகளில் இதுவும் ஒன்று. கனிம லாரி என்று ஊரில் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை எதிர்த்து நடந்த மறியல்களும் கொஞ்சமல்ல. சைக்கிள்காரர்களுக்கும் மலை ஏற இதைவிட்டால் சுலபமான வழி கிடையாது.

புளியரை எஸ் வளைவை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மேலே சாலை, கீழே ரயில் பாதை. 2024 பிப்ரவரி 25 அதிகாலையில் பிளைவுட் ஏற்றிவந்த லாரி ஒன்று அந்த வளைவில் கட்டுப்பாடு இழந்து, கீழே தண்டவாளத்தின் மேல் விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். சத்தம் கேட்டு எழுந்த வயதான தம்பதி டார்ச்சைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் 5 லட்சம் ரூபாய் வெகுமதி கொடுத்தது நாளிதழ்களில் வந்தது. அந்த வளைவில் விடியலுக்கு முன் ஏழெட்டு கிலோ எடையுள்ள சைக்கிளில் ஏறுகிறவரை நினைத்துப் பாருங்கள். பின்னால் வருகிற வண்டியை அவர் பார்க்க முடியாது, காதால்தான் கேட்க முடியும்.

இதில் பணக்கணக்கும் உண்டு. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-வது பிரிவின்கீழ் கிடைப்பது நிர்ணயிக்கப்பட்ட தொகை மட்டுமே. 2022 ஏப்ரல் 1 முதல் அது உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன்னால் 25,000-மும் 12,500-மும்தான். வண்டி நம்பர் தெரிந்துவிட்டால் கதையே மாறும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மருத்துவச் செலவு, வருமான இழப்பு, ஊனம் எல்லாம் கணக்கில் வரும், வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி பதில் சொல்ல வேண்டியிருக்கும். தொடையெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஒருவருக்கு 50,000-க்கும் அதைப்போல் பல மடங்குக்கும் நடுவில் நிற்பது நான்கு இலக்கங்கள். கேமரா வாங்கும் காசு இதற்குத்தான்.

அப்படியானால் முதல் கேள்வி, நம்பர் பிளேட் தெரியுமா என்பது. கடைக்காரர் 4கே என்பார், 60 ஃபிரேம் என்பார். நாம் பிளேட்டிலிருந்து தொடங்குவோம். கார், லாரிகளின் நம்பர் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. நீங்கள் மணிக்கு 25 கிலோமீட்டரில் மிதிக்கிறீர்கள், உங்களைத் தாண்டுகிற டிப்பர் 60-ல் போகிறது. வித்தியாசம் 35. அதாவது உங்கள் முன்சக்கரத்தைக் கடந்த ஒரு நொடியில் அது பத்து மீட்டர் முன்னால் போய்விடும். பின்பக்கப் பிளேட்டைப் படிக்கக் கிடைக்கிற நேரமே அந்த ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு.

ஆக்‌ஷன் கேமராவின் அகலக் கோணம் கிட்டத்தட்ட 120 டிகிரி. 4கே படத்தின் அகலம் 3,840 புள்ளி. வகுத்தால் ஒரு டிகிரிக்கு 32 புள்ளி. பத்து மீட்டர் தூரத்தில் 65 மில்லிமீட்டர் எழுத்து ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். ஆக, திரையில் அந்த எழுத்தின் உயரம் 12 புள்ளி. கண்ணைச் சுருக்கிப் படித்துவிடலாம். இதே கேமராவை 1080-ல் வைத்திருந்தால் 6 புள்ளி. 3-ஆ 8-ஆ என்று பிறகு வீட்டில் உட்கார்ந்து சண்டைதான் போடலாம். கோணத்தைக் குறைத்து 'லீனியர்' என்று வைத்தால் எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக விழும். ஊரே தெரிகிற மாதிரி அகலமாக வைப்பதில் ஒரு பெருமை உண்டு, சாலைக்கு அது வேண்டாம்.

இங்கே லாரிக்கு ஒரு சலுகை இருக்கிறது. பிளேட் சேறு அப்பிக் கிடந்தாலும், பாடியின் பக்கவாட்டிலும் பின்கதவிலும் நம்பரைப் பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்திருப்பார்கள். அதனால் பின்னாலிருந்து தாண்டும் லாரி உங்கள் கேமராவில் பக்கவாட்டாக நுழைகிற அந்தக் கணத்திலேயே நம்பர் சிக்க வாய்ப்புண்டு. ஆனால் அப்போதுதான் அது மிகக் கிட்டத்தில், மிக வேகமாக ஓடும். ஷட்டர் நிதானமாக இருந்தால் கோடு கோடாக இழுத்துவிடும். ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் அதற்குள் லாரி 30 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். 240-ல் ஒரு பங்கு என்றால் 4 சென்டிமீட்டர். வெயிலில் கேமரா தானாகவே வேகமான ஷட்டரைப் பிடித்துக்கொள்ளும். மேகம் மூடிய ஆரியங்காவுக் காட்டுக்குள், மரநிழலில், காலை ஆறு மணிக்கு அது முடியாது. அங்கேதான் சென்சாரின் அளவு பேசும். பெரிய சென்சார் குறைந்த வெளிச்சத்திலும் ஷட்டரை விரட்ட இடம் கொடுக்கும். பாக்கெட்டில் அடங்குகிற குட்டிக் கேமராக்கள் தோற்பது தெளிவில் அல்ல, இந்த விடியல் வெளிச்சத்தில்.

நாலாயிரம், ஐயாயிரத்துக்கு '4கே' என்று அட்டையில் அச்சடித்து வருகிறவற்றில் பலவும் குறைந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கித் தருபவை. புள்ளி எண்ணிக்கை கூடியிருக்கும், எழுத்து கூடியிருக்காது. வாங்குவதற்கு முன், கடை வாசலில் நிற்கிற காரைப் பத்து மீட்டரிலிருந்து எடுத்து, நிறுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அடுத்தது சாரல். சென்னையில் உட்கார்ந்து கேமரா விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இது புரியாது. குற்றாலச் சாரல் மழையாக அடிக்காது, பொடிப்பொடியாகக் காற்றில் மிதந்து வந்து ஒட்டும். முன்னால் பார்த்து நிற்கிற கண்ணாடி அதற்குள்ளேயே மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறது. இந்த வகை லென்ஸ்கள் மிகக் கிட்டத்திலிருந்து தொலைவு வரை எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டுபவை. அதனால் கண்ணாடியில் உட்கார்ந்த ஒரு துளிகூடப் படத்தில் பெரிய மங்கலாக விழும். நடுவில் விழுந்துவிட்டால் நம்பரும் இல்லை, அருவியும் இல்லை. போதாக்குறைக்கு முன்சக்கரம் வாரி இறைக்கிற சேற்றுத் தண்ணீர் வேறு.

நீர்புகாத் தன்மையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இப்போதைய நல்ல கேமராக்களில் பலவும் தனிக் கூடு இல்லாமல் பத்து மீட்டர் ஆழம் வரை தாங்கும், ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 என்ற மாடல் 18 மீட்டர். பேரருவிக்கு அடியில் பிடித்தாலும் கேமரா பிழைக்கும், கண்ணாடியில் துளி ஒட்டாது என்று அதற்கு அர்த்தமில்லை. பார்க்க வேண்டியவை இரண்டு. முன்கண்ணாடி தண்ணீரை உதறும் பூச்சோடு வருகிறதா? கீறல் விழுந்தால் அதைமட்டும் கழற்றி மாற்ற முடிகிறதா? மாற்ற முடியாத கண்ணாடியில் சேற்றோடு சேர்த்துத் துடைத்த கீறல் ஆயுசுக்கும் நிற்கும். கையுறை விரலால் துடைக்காதீர்கள், வியர்வையும் எண்ணெயும் பூசினது போலாகிவிடும். ஜெர்சிப் பையில் ஒரு ஜிப் உறைக்குள் மைக்ரோஃபைபர் துணி ஒன்று போதும். கேமராவை நாலைந்து டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டினால், வானம் குறைந்து சாலை கூடும், துளியும் கொஞ்சம் குறையும்.

உள்ளே மூடுபனி படர்வது தனித் தொல்லை. டீக்கடையின் ஈரக்காற்றில் பேட்டரிக் கதவைத் திறந்து மூடினால் அந்த ஈரமும் உள்ளே அடைபடும். வெளியே குளிர்ந்த காற்று கண்ணாடியில் பட்டதும் உள்பக்கம் வியர்த்துவிடும். பேட்டரியையும் கார்டையும் கிளம்பும் முன் லாட்ஜ் அறையிலேயே மாற்றி மூடிவிடுவது நல்லது. பவர் பேங்க் வயரைச் செருகிக்கொண்டு ஓட்டலாமே என்று தோன்றும். பெரும்பாலான கேமராவில் அதற்குக் கதவைத் திறந்து வைக்க வேண்டும், திறந்தால் நீர்புகாத் தன்மை போயிற்று. சாரல் சீசனில் அந்த யோசனையே வேண்டாம்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்ட முடியாமல் தவிக்கிற இடத்தில் இந்தச் செங்கோட்டைக் கணவாய் ஒரு வாசல். அதனால்தான் சுரண்டை, ஆலங்குளம் பக்கமெல்லாம் காற்றாலை சுற்றுகிறது. ஆனி, ஆடியில் தென்காசியிலிருந்து மேற்கே மிதித்தவருக்கு அந்தக் காற்றை விளக்க வேண்டியதில்லை. வீடியோவில் அது உர்ர்ரென்று மட்டும் கேட்கும். தனி மைக், பஞ்சு உறை என்று செலவழிக்காதீர்கள். ஹாரன் கேட்டால் போதும், அது எப்படியும் கேட்கும்.

மாட்டுவது எங்கே? இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஹேண்டில்பாருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அவுட்-ஃப்ரன்ட் மவுன்ட், மேலே சைக்கிள் கம்ப்யூட்டர், அதன் அடியில் தலைகீழாகத் தொங்குகிற கேமரா. படத்தைக் கேமராவே நிமிர்த்திக்கொள்ளும். கேபிளும் பிரேக் லீவரும் படத்தில் வராது, மேலேயுள்ள கம்ப்யூட்டர் சாரலுக்குச் சின்னக் கூரையாகவும் இருக்கும். ரோடு பைக் ஹேண்டில்பாரின் நடுப்பகுதி பெரும்பாலும் 31.8 மில்லிமீட்டர். ஆனால் புதிய ஏரோ ஹேண்டில்பார்கள் வட்டமாக இருக்காது, சாதாரண கிளாம்ப் உட்காராது. ஸ்டெம்மின் முன்திருகில் மாட்டுகிற வகையைத்தான் தேட வேண்டும். கார்பன் என்றால் கைபலத்தைக் காட்டாதீர்கள். 5 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இறுக்கச் சொல்வார்கள், ஹேண்டில்பாரில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து டார்க் சாவியால் திருகச் சொல்லுங்கள்.

மவுன்ட் பிளாஸ்டிக்கா உலோகமா என்பது கேமராவின் மாடலைவிட முக்கியம் என்பேன். 150 கிராம் எடை, கையிலிருந்து முன்னால் நீட்டிய ஒரு கொம்பின் நுனியில், 28 மில்லிமீட்டர் டயரில், ஒட்டுப்போட்ட சாலையில் ஆடுகிறது. பிளாஸ்டிக் கொம்பு சிலம்பும். அந்த நடுக்கத்தைக் கேமராவுக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் பகலில் அழகாகச் சரிக்கட்டிவிடும். இருட்டில் காட்சி ஆடாது, ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் கலங்கியிருக்கும். ரீல்ஸுக்குப் பரவாயில்லை. நம்பரைப் படிக்க ஒற்றை ஃபிரேமைத்தான் நிறுத்திப் பார்ப்போம். அலுமினிய மவுன்ட்டும், தவறி விழுந்தாலும் தொங்கும்படி ஒரு மெல்லிய கயிறும் போடுங்கள்.

ஹெல்மெட்டில் மாட்டலாமே என்கிற மோட்டார் பைக் நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2022-ல் கேரள மோட்டார் வாகனத் துறை ஹெல்மெட்டில் கேமரா பொருத்துவதைத் தடை செய்தது. அடிபடும்போது ஹெல்மெட்டின் பாதுகாப்பு குறையும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அபராதம் மட்டுமல்ல, லைசென்ஸையே நிறுத்திவைக்கலாம் என்றும் அறிவித்தார்கள். தென்காசியில் எவரும் கேட்காத ஒன்று, மாநில எல்லையான கோட்டைவாசல் தாண்டிய நிமிடத்தில் கேள்வியாகலாம். சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்லை என்றாலும், தலையில் கெட்டியான ஒரு கட்டியை வைத்துக்கொண்டு விழுவது எந்த மாநிலத்திலும் நல்லதல்ல.

சைக்கிள் பந்தயத்தில் முன்பக்கக் கேமரா பிரபலமானது 2014-ல். அந்த ஆண்டு டூர் டி பிரான்ஸில் சில வீரர்களின் சைக்கிளில் கேமரா ஏறியது, ஷிமானோ நிறுவனமே 86 கிராமில் ஒன்றைச் செய்தது. பத்து ஆண்டு கழித்து 2024-ல் கோப்ரோ கொண்டுவந்த குட்டி 'ஹீரோ'வும் அதே 86 கிராம்தான், ஆனால் 4கே எடுக்கிறது. கையிலெடுத்தால் ஆசை வரும். ஆனால் அதில் பேட்டரியைக் கழற்ற முடியாது. பெரும்பாலான சின்னக் கேமராக்கள் 4கே-யில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஓடினாலே பெரிது. தென்காசியிலிருந்து தென்மலை போய்த் திரும்புகிறவருக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க வேண்டும். தென்மலை அணை வரை அழகாகப் படம்பிடித்து, இறக்கத்தில், லாரிகள் எதிரே வரிசைகட்டும் நேரத்தில் கேமரா தூங்கிவிடும். இன்ஸ்டா360 கோ 3எஸ் 39 கிராம்தான், சட்டையில் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், இன்னும் சீக்கிரம் தூங்கிவிடும். குடும்பத்தோடு அருவிக்குப் போகிறவருக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. சாலைக்கு இல்லை.

சைக்கிளுக்கென்றே செய்தது ஆஸ்திரேலியாவின் சைக்ளிக் நிறுவனத்தின் ஃப்ளை12. ஹெட்லைட்டும் கேமராவும் ஒரே உடம்பில். கார்டு நிரம்பினால் பழையதன் மேல் தானாக எழுதிக்கொண்டே போகும், விழுந்தால் அந்தத் துண்டைப் பூட்டி வைத்துக்கொள்ளும். நம் காரியத்துக்கு மனத்தளவில் மிகப் பொருத்தமானது இதுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டி வந்தால் சுங்கத்தையும், பழுதானால் திருப்பியனுப்பும் அலைச்சலையும் விலையோடு சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 போல 145 கிராம் எடையில், பெரிய சென்சாரும் கழற்றக்கூடிய பேட்டரியும் உள்ள ரகத்தில் ஒன்று, கூடவே இரண்டு உபரி பேட்டரி. புத்தம்புதிய மாடல் வேண்டாம், ஒரு தலைமுறை பழையது போதும். மிச்சமாகும் காசு மவுன்ட்டுக்கும் கார்டுக்கும்.

கார்டு விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. வி30 என்று போட்ட, திரும்பத் திரும்ப எழுதுவதற்கென்றே வருகிற 'ஹை எண்டூரன்ஸ்' கார்டு வாங்குங்கள். லூப் முறையில், ஐந்து நிமிடத் துண்டுகளாக ஓடவிட்டால் நிரம்புகிற கவலையில்லை. சந்தையில் போலிக் கார்டுகள் தாராளம். வாங்கிய அன்றே முழுக்க நிரப்பிப் பார்த்துவிட வேண்டும். கேமராவின் கடிகாரத்தையும் சரி பாருங்கள். பேட்டரி அடியோடு தீர்ந்தால் சில கேமராக்கள் ஏதோ ஒரு பழைய வருடத்து ஜனவரி 1-க்குப் போய்விடும்.

அருவிக்கரை வந்ததும் கேமராவை நிறுத்திவிடுங்கள். பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் தனியாக இருக்கிறது. உங்கள் நோக்கம் சாலைதான் என்றாலும், நனைந்த சேலையோடு நடந்து வருகிறவருக்கு உங்கள் ஹேண்டில்பாரில் மின்னுகிற சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். யாராவது தட்டிக்கேட்டால் நியாயம் அவர் பக்கம். கார் நிறுத்துமிடத்துக்கு முன்பே ஒரு விரலால் அணைத்துவிட்டு, திரும்பும்போது போட்டுக்கொண்டால் ஆயிற்று. லென்ஸ் மூடி போட்டுவிட்டால் இன்னும் உத்தமம், பார்க்கிறவருக்கும் சந்தேகம் வராது.

கடைசியாக, நடக்கவே கூடாத ஒன்று நடந்துவிட்டால் அந்த வீடியோவை என்ன செய்வது? முதல் வேலையாக வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், பாடுபட்டுப் பிடித்த 12 புள்ளி 4 புள்ளியாகிவிடும். எடிட் செய்து, அம்புக்குறி வரைந்து, பாட்டுச் சேர்த்துக் கொடுத்தாலும் வழக்குக்கு உதவாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்‌ஷிய அதிநியம் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். கோப்பில் ஒரு ஃபிரேம் வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும். இதற்கு முந்தைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவைப் பற்றி 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே உபயோகப்படும். நகலுக்குத்தான் சான்றிதழ் கட்டாயம், மூலப் பதிவு இருக்கும் சாதனத்தை அதன் சொந்தக்காரரே சாட்சிக்கூண்டில் ஏறிக் காட்டினால் அது தேவையில்லை என்றது அந்தத் தீர்ப்பு.

எனவே கேமராவை உடனே அணைத்துவிடுங்கள், லூப் ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் துண்டின் மேலேயே எழுதிவிடும். கார்டைக் கழற்றுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு அந்த நகலோடு போங்கள். மூலக் கார்டை ஒரு கவரில் போட்டு, தேதியும் இடமும் எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள். போலீஸார் அதைக் கேட்டால் ரசீதோ மகஜரோ இல்லாமல் கொடுக்காதீர்கள். சைக்கிளுக்கு வேறு கார்டு போட்டுக்கொள்ளலாம். அதனால் கேமரா வாங்கும் அன்றைக்கே கார்டு இரண்டாக வாங்குங்கள்.